கறுப்புப் பூஞ்சணம்: வன்னியில் முதல் மாரியைக் காணும் வீட்டுக்காரருக்கு

வன்னியில் வீடு பார்ப்பவர்கள் அநேகமாகக் கோடையில்தான் பார்க்கிறார்கள். ஆடி, ஆவணி மாதத்தில் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எந்த வீட்டைத் திறந்தாலும் சுவர் காய்ந்து, நிலம் புழுதி பிடித்துத்தான் கிடக்கும். ஈரம் என்ற பேச்சே எழாது. ஐப்பசியில் மழை தொடங்கி, கார்த்திகை முழுக்க அடித்து, மார்கழியில் குளங்கள் வான் பாயும்போதுதான் அதே வீட்டின் மூலைகளில் கறுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். அலுமாரியைத் திறந்தால் மண்வாசனை போல ஒரு நாற்றம் வரும். சின்னப் பிள்ளைக்கு இரவில் இருமல் விடாது.

இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், தாதியர்கள், இந்தியாவில் முகாம்களில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து அம்மாவின் வளவில் வீடு கட்டியவர்கள் என்று இப்படி முதல் மாரியைக் காண்பவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்: பூஞ்சணத்தின் நிறத்தோடு மல்லுக்கட்டாமல் தண்ணீரைத் தேடுங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காவிட்டால், சுவரை எத்தனை தரம் கழுவினாலும், எவ்வளவு விலையான பெயின்ற் அடித்தாலும், அடுத்த மழைக்கு அது திரும்ப வரும்.

"நச்சுப் பூஞ்சணம்" என்ற பயம்

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஸ்டாக்கிபொட்ரிஸ் சார்ட்டாரம் என்ற பெயர். கறுப்பு நச்சுப் பூஞ்சணம் என்று சொல்லப்படுவது இதைத்தான். 1837இல் பிராக் நகரத்து வீடொன்றில் சுவரில் ஒட்டிய தாளில் இருந்து எடுத்து, கோர்டா என்ற ஆய்வாளர் இதை முதன்முதலில் விவரித்தார். தாளில் கண்டெடுத்தது தற்செயல் அல்ல. கடதாசி, காட்போட் மட்டை, ஹாட்போட், சிப்போட் போன்ற நார்ப்பொருள்தான் இதன் சாப்பாடு. அதுவும் ஒருநாள் நனைந்து காய்ந்தால் போதாது. ஒரு கிழமைக்கு மேல் விடாமல் ஊறிக்கிடக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது கரும்பச்சையாய், தொட்டால் வழுக்கும். காய்ந்தால் கரித்தூள் மாதிரி ஆகிவிடும்.

வெறும் சீமெந்துச் சுவரில் இது வருவது குறைவு. உலகெங்கும் வீடுகளில் அதிகம் காணப்படுபவை கிளடோஸ்போரியம், அஸ்பர்ஜிலஸ், பெனிசிலியம் ஆகியவை. அவற்றிலும் கறுப்பு இருக்கிறது, கரும்பச்சை இருக்கிறது. நுணுக்குக்காட்டி இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்து இது இன்னது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை. எந்த வகையாக இருந்தாலும் அகற்றுங்கள், வகையைச் சோதிப்பது அவசியமில்லை என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆலோசனை. அதனால் கொழும்புக்கு மாதிரி அனுப்பிச் சோதிக்கக் காசு செலவழிக்காதீர்கள். அந்தக் காசுக்குக் கூரையைத் திருத்தலாம்.

பயத்தின் தொடக்கம் 1993, 94 காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்த சம்பவங்கள். ஸ்டாக்கிபொட்ரிஸ்தான் காரணம் என்று முதலில் சந்தேகித்தார்கள். 2000ஆம் ஆண்டு அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஞாபகமறதி, களைப்பு, மனச்சோர்வு எல்லாவற்றையும் இந்தப் பூஞ்சணத்தின் தலையில் போடும் காணொளிகளுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

ஆனால் "அப்ப ஒண்டுமில்லை" என்று விட்டுவிடவும் முடியாது. இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்தில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. குடியிருந்த வீட்டில் நீண்டகாலம் இருந்த பூஞ்சணத்தால் சுவாசம் பாதிக்கப்பட்டதே காரணம் என்று 2022இல் மரண விசாரணை சொன்னது. அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அங்கே 2023இல் சட்டம் வந்தது. ஈரமான வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், தொய்வு, சுவாசத் தொற்று ஆகியவை கூடுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆபத்து உண்மையானது. அது ஒரு பூஞ்சண வகையின் பெயரில் மட்டும் இல்லை, ஈரத்தில் இருக்கிறது.

இன்னொன்று. கொரோனா காலத்தில், 2021இல், இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை நோய் வேறு. சுவரில் கறுப்பைக் கண்டு அந்த நோய் வந்துவிடும் என்று பதற வேண்டாம்.

கறுப்பெல்லாம் பூஞ்சணம் இல்லை

எங்கள் பக்கத்துக் குசினிகளில் விறகடுப்பு எரியும். கூரையிலும் மேற்சுவரிலும் படிவது புகைக்கரி. அது அடுப்புக்கு நேரே மேலே பரவலாக, புள்ளி இல்லாமல், கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். பூஞ்சணம் புள்ளி புள்ளியாய்த் தொடங்கி, வட்டமாய் விரிந்து, மூலையிலும் தளபாடத்துக்குப் பின்னாலும் கூடி நிற்கும். மணமும் காட்டிக்கொடுக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பிளீச்சைத் தண்ணீர் கலந்து, ஒரு துளியைக் கறுப்பின் மேல் வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறம் வெளிறினால் அநேகமாகப் பூஞ்சணம். அப்படியே கறுப்பாய் இருந்தால் கரியோ ஊத்தையோ.

வெளிச்சுவரில் மழைநீர் வழியும் இடத்தில் வரும் கரும்பச்சைக் கறை பெரும்பாலும் பாசி. வீட்டுக்குள்ளே அது பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் தண்ணீர் அந்த வழியாக ஓடுகிறது என்று சொல்லும் அடையாளம் அது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெள்ளையாய், பஞ்சு மாதிரிச் சுவரில் பூப்பது. பூநகரி, மன்னார்ப் பக்கம் உவர் நிலத்தில் கட்டிய வீடுகளில் இது அதிகம். கொஞ்சம் வழித்துத் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு. உப்புக்கு மருந்து அடிப்பதில் பயனில்லை, ஆனால் நிலத்திலிருந்து சுவரில் ஈரம் ஏறுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எங்கே தேடுவது

கண்ணுக்குத் தெரியும் சுவரில் தொடங்காதீர்கள். முதலில் அலுமாரியை இழுங்கள்.

பரந்தனில் வாடகைக்கு இருந்த ஒரு ஆசிரியை வீட்டில் அப்படித்தான் இழுத்தோம். முன்னுக்குப் பார்த்தால் புது அலுமாரி, கண்ணாடிக் கதவு, ஒரு குறையும் இல்லை. சுவரோடு ஒட்டி நின்றது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு முழம் நகர்த்தினதும் பின்பக்கத்து ஹாட்போட் தெரிந்தது. அடியிலிருந்து இடுப்பளவுக்குக் கன்னங்கரேல் என்று இருந்தது. விரல் வைத்த இடம் நனைந்த மட்டையாய் உள்ளே போனது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உந்தச் சுவருக்கு அங்கால தானே பிள்ளையள் குளிக்கிறவை, தண்ணி எங்க போறது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே காரணம் வந்துவிட்டது. குழாயடி சுவரோடு ஒட்டி இருந்தது. குளித்த தண்ணீர் அத்திவாரத்தடியில் தேங்கி, சீமெந்துக் கல்லுக்குள்ளால் ஏறி, காற்றுப் போகாத அலுமாரியின் முதுகில் போய் நின்றிருக்கிறது.

இப்படித் தேட வேண்டிய மற்ற இடங்கள்: மெத்தைக்கு அடிப்பக்கம், சுவரோடு சாய்த்த பாய்ச் சுருள், கட்டிலுக்குக் கீழ் வைத்த காட்போட் பெட்டிகள், சாமிப்படங்களின் பின்பக்க மட்டை, யன்னல் நிலைகளின் கீழ்க்கட்டை, சிலிங் அடித்த வீடாக இருந்தால் சிலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்த இடம். சிலிங்கில் மஞ்சள் வட்டம் இருந்தால் மேற்பக்கத்தில் கறுப்பு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வரும் வழியைப் பிடித்தல்

வன்னி வீடுகளுக்கு என்று சில பலவீனங்கள் உண்டு. 2009க்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் எழும்பிய வீடுகள் பல, கிடைத்த காசுக்குள் அவசரமாகக் கட்டி முடித்தவை. உள்ளே பூச்சுப் பூசி, வெளிச்சுவரைக் கல் தெரிய விட்டவர்கள் எத்தனையோ பேர். காசு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பூசாத சீமெந்துக் கல் மழையைக் குடிக்கும். கிழக்கு, வடக்குப் பக்கச் சுவர்தான் வடகீழ்ப் பருவமழையின் அடியை நேரே வாங்குகிறது. அந்தப் பக்கத்துக்கு மட்டுமாவது பூச்சு போட முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக்குள் உள்ள காற்றிலிருந்து படிகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு துண்டுப் பொலித்தீன் போதும். ஒரு அடிச் சதுரமாக வெட்டி, துடைத்த சுவரில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் இடையே வியர்த்திருந்தால் சுவரே ஈரம். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் உங்கள் வீட்டுக் காற்றில் நீராவி கூட.

சுவரே ஈரம் என்றால் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடிவரை ஒரே மட்டமாக ஏறியிருந்தால் அத்திவாரத்தில் ஈரம் தடுக்கும் படை இல்லை, அல்லது வெளியே மண் வீட்டு நிலத்தின் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டது. இதில் இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வருடக்கணக்காக முற்றம் கூட்டி, மண் போட்டு, பூமரம் வைத்துச் சுவரடியில் மண் ஏறிவிடும். மண்வெட்டியால் சுவரைச் சுற்றி மண்ணை இறக்கி, தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். ஒரு நாள் வேலை, செலவு ஒன்றும் இல்லை. குழாயடியையும் பாத்திரம் கழுவும் இடத்தையும் சுவரை விட்டுத் தள்ளுங்கள், அல்லது கழிவுநீரை வாழையடிக்குக் கொண்டுபோகக் கான் வெட்டுங்கள்.

ஈரம் மேலிருந்து நாக்காய் இறங்கினால் கூரை. ஓட்டு வீட்டில் ஓடு நகர்ந்ததோ வெடித்ததோ, முகட்டு ஓட்டின் சீமெந்து விட்டுப்போனதோ என்று பார்க்க வேண்டும். குரங்கு ஏறும் ஊர்களில் இதை ஒவ்வொரு மாரிக்கும் முன்னர் பார்த்தே ஆகவேண்டும். சீற் வீட்டில் ஆணி ஓட்டைகள்தான் முதல் சந்தேகம். ஒழுகும் இடமும் கறை தெரியும் இடமும் ஒன்றாக இருக்காது, தண்ணீர் மரத்தோடு ஓடி வேறெங்கோ சொட்டும். மழை பெய்யும்போதே உள்ளிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். மழை விட்டபின் தேடினால் கிடைக்காது.

காற்றில்தான் ஈரம் என்றால் பழக்கங்களை மாற்றினாலே பாதி சரியாகும். மாரியில் பள்ளிக்கூட வெள்ளை உடுப்புகளை அறைக்குள் கொடி கட்டிக் காயவிடுகிறோம். விறாந்தையில் காயவிடுங்கள். குசினிக் கதவைச் சாத்திச் சமையுங்கள், யன்னலைத் திறந்துவிடுங்கள். சுவரின் மேற்பகுதியில் காற்றுக்கு விட்ட துவாரங்களை நுளம்புக்குப் பயந்து பேப்பரால் அடைத்திருப்பார்கள். பேப்பரை எடுத்துவிட்டு நுளம்பு வலை அடியுங்கள். மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் பகல் வேளையில் எல்லா யன்னலையும் திறந்து வைத்து, மார்கழிப் பனி இறங்கும் இரவில் சாத்துங்கள். ஈரப்பதன் காட்டும் சின்னக் கருவி ஒன்று கையில் இருந்தால் 60 சதவீதத்துக்குக் கீழ் வைக்கப் பாருங்கள். அடைமழை நாட்களில் அது நடக்காது, அதற்காக மனம் சோர வேண்டாம். எந்தத் தளபாடத்தையும் சுவரை விட்டு நாலு விரலுக்கு மேல் தள்ளி வையுங்கள், அதன் பின்னாலும் காற்று ஓடட்டும்.

சுத்தம் செய்யும் நாள்

கறுப்புப் பிடித்த இடம் மூன்று அடிக்கு மூன்று அடி அளவுக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதைவிடக் கூட என்றாலோ, வெள்ளத்தோடு மலசலகூடக் குழி நிரம்பி வீட்டுக்குள் வந்திருந்தாலோ, தனியே இறங்காதீர்கள். தொய்வு உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், போரில் நெஞ்சில் காயப்பட்டு நுரையீரல் பழுதானவர் ஆகியோரை அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கவிடுங்கள். அவர்கள் யாரும் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

N95 என்று போட்ட மாஸ்க் பாமசியில் கிடைக்கும். துணி மாஸ்க்கும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் இதற்குப் போதாது. றப்பர் கையுறை, கண்ணுக்கு ஏதாவது மறைப்பு, கழுவிப்போடக்கூடிய முழுக்கை உடுப்பு. அறையின் யன்னல்களைத் திறந்து, வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். அது ஓடினால் பூஞ்சணத்தின் வித்திகள், அதாவது விதை மாதிரியான நுண்துகள்கள், வீடு முழுக்கப் பறக்கும்.

தும்புத்தடியால் காய்ந்த கறுப்பைத் தட்டுவதைத்தான் எல்லா வீட்டிலும் முதலில் செய்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படித் தட்டினால் ஒரு மூலையில் இருந்தது எல்லா அறைக்கும் போகும். முதலில் தெளிகருவியாலோ ஈரத்துணியாலோ மெதுவாக நனையுங்கள். சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரில் பிறஷ்ஷை நனைத்துத் தேயுங்கள். துணியால் துடையுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். இன்னொரு வாளித் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பூஞ்சணத்தைக் கொல்வது மட்டும் போதாது, செத்ததும் இருமலைக் கிளப்பும், ஆகவே அதைத் துடைத்து எடுத்தாக வேண்டும். சவர்க்காரமும் தேய்ப்பும்தான் அதைச் செய்கின்றன.

பிளீச்சைப் பற்றிக் கேட்பீர்கள். தரை ஓடு, கண்ணாடி, குளியலறை மாபிள் போன்ற தண்ணீர் உறிஞ்சாத இடங்களில் சவர்க்காரத்துக்குப் பிறகு பாவிக்கலாம். நாலு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம். சீமெந்துச் சுவரிலும் மரத்திலும் அது மேலே நிறத்தை வெளிறச் செய்துவிட்டு நின்றுவிடும், அதில் உள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். வெளுத்ததைப் பார்த்து வேலை முடிந்தது என்று நம்பிவிடுவோம் என்பதால்தான் சுவருக்கு நான் பிளீச்சைச் சொல்வதில்லை.

பிளீச்சையோ வெளிற்றும் தூளையோ வினாகிரியோடும், மலசலகூடம் கழுவும் அசிட்டோடும், அமோனியா உள்ள எதனோடும் ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் நச்சுவாயு ஆளைக் கொல்லக்கூடியது. கூட்டிக் கலந்தால் வேகமாக வேலை செய்யும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் உட்பக்கத்துக் கறுப்பை அங்கேயே விடுங்கள். அதைச் சுரண்டுவதும், பிறஷ் போட்டுத் தேய்ப்பதும், அரத்தாள் பிடிப்பதும் கூடாது. அதிலிருந்து கிளம்பும் அஸ்பெஸ்டஸ் நார் நுரையீரலில் தங்கினால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எந்தப் பூஞ்சணத்தையும்விட அது பெரிய ஆபத்து. சீற்றை நனைத்த துணியால் மென்மையாகத் துடைக்கலாம், அவ்வளவே. உடைந்த சீற்றை மாற்றுவதாக இருந்தால் நனைத்துவிட்டு, உடைக்காமல் முழுதாக இறக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் உடுப்பைத் தனியே சுடுதண்ணீரில் தோயுங்கள். அன்றே குளியுங்கள். சுவர் காயும்வரை அறையைப் பாவிக்காதீர்கள். சுத்தம் செய்த பிறகு மின்விசிறி போடலாம், யன்னலை நோக்கிக் காற்றைத் தள்ளும்படி.

எதை எறிவது, எதைக் காப்பாற்றுவது

ஸ்பொஞ் மெத்தை, பஞ்சுத் தலையணை, காட்போட் பெட்டி, ஊறிப்போன சிப்போட், ஹாட்போட் ஆகியவற்றுக்குள் பூஞ்சணம் இறங்கியிருந்தால் போகட்டும். மெத்தையை எறிய மனம் வராது, விலை தெரியும். வெயிலில் போட்டால் மணம் போகும், உள்ளே உள்ளது போகாது. முதிரை, பாலை மரத்தில் செய்த கட்டில், கதிரை, கதவு என்றால் கவலை வேண்டாம், கழுவித் துடைத்துக் காயவிட்டால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். உடுப்பைச் சுடுதண்ணீரில் தோய்த்து நல்ல வெயிலில் போடுங்கள். கழுவிய பிறகும் மணம் போகாத இரும்புப்பெட்டிக்குள் அப்பச்சோடா ஒரு கிண்ணத்தில் வைக்கலாம்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படங்கள். இவற்றில் கொஞ்சம் நின்று நிதானமாக வேலை செய்ய வேண்டும். வன்னியில் எத்தனையோ குடும்பங்களுக்கு 2009க்கு முந்திய படம் என்று ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கிறது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் கட்டிக் கொண்டுவந்த படங்கள் அவை. அதில் பூஞ்சணம் கண்டதும் ஈரத்துணியால் துடைக்கத்தான் கை போகும். துடைக்காதீர்கள். பழைய படத்தின் மேற்படை ஜெலட்டின். பூஞ்சணம் அதைத் தின்று இளக்கிவிட்டிருக்கும், தண்ணீர் பட்டால் முகமே வழித்துக்கொண்டு வந்துவிடும்.

இருக்கிறபடியே முதலில் கைபேசியில் ஒரு நல்ல படம் எடுங்கள். வெளிச்சம் பட்டுத் தெறிக்காமல், நேர் மேலிருந்து எடுங்கள். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், முகம் மேலே பார்க்க வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் காயவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம், சுருண்டு வெடிக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பிய்த்து எடுக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாத அளவுக்கு ஈரமான தாள்களும் படங்களும் இருந்தால், பொலித்தீன் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைய வைக்கும் தட்டில் வையுங்கள். பூஞ்சணம் அதோடு நிற்கும், மழை விட்டபின் ஆறுதலாகப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு, மாஸ்க் போட்டுக்கொண்டு, முற்றத்தில் வைத்து மிக மென்மையான தூரிகையால் மேலே இருப்பதை மட்டும் தட்டிவிடுங்கள். சாமியறைச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் சின்னத் தக்கை ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடும்.

நெல்லும் கச்சானும் வைக்கோலும்

பூஞ்சணத்தின் நஞ்சு மனிதரைத் தாக்குவதற்கு நிச்சயமான வழி சுவர் அல்ல, சாப்பாடு. ஈரமான கச்சானிலும் சோளத்திலும் வளரும் அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் அப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலில் புற்றுநோய் வரச் செய்வது அது. அவித்தாலும் வறுத்தாலும் முழுதாக அழியாது. மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும். சுருங்கி, நிறம் மாறி, பூத்த கச்சானை ஆய்ந்து எறியுங்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

வைக்கோலுக்கும் இதே கவனம் வேண்டும். ஸ்டாக்கிபொட்ரிஸின் நஞ்சு முதலில் பெரிதாகத் தெரியவந்ததே 1930களில் உக்ரேனில், பூஞ்சணம் பிடித்த வைக்கோல் தின்ற குதிரைகள் செத்தபோதுதான். கறுத்து மணக்கும் வைக்கோலை மாட்டுக்கு வைக்காதீர்கள்.

நெல் மூட்டைகளைப் பலகை போட்டு உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். நன்றாகக் காயாத நெல்லைப் படுக்கையறையில் அடுக்கினால் அந்த அறைக் காற்றே ஈரமாகும்.

ஆஸ்பத்திரிக்கு எப்போது

தும்மல், கண்கடி, இருமல் வீட்டில் இருக்கும்போது கூடி, வெளியூர் போனால் குறைகிறது என்றால் வீடுதான் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். "வீட்டுச் சுவர் ஈரம், கறுப்புப் பிடிச்சிருக்கு" என்று நாங்களாகச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போனாலோ, நெஞ்சு விசிலடித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சலோடு மூச்சு முட்டினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தொய்வுக்கு மருந்து பாவிப்பவர்கள் மாரி தொடங்கும் முன்னரே கிளினிக் போய் மருந்தைக் கையில் வைத்திருங்கள். வெள்ளம் வந்தால் பாதை அறுபடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பொங்கலுக்கு முன் பெயின்ற்

தைப்பொங்கலுக்கு வீடு வெளிக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் மார்கழிச் சுவர் தண்ணீர் குடித்த சுவர். அதன்மேல் பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, மாசிக்குள் பொக்களம் போட்டு உரியும், அதற்கடியில் கறுப்பு இன்னும் இருக்கும். பொங்கலுக்கு முன் அடித்தே ஆகவேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் லேசில் வளராது, சுவரும் அதனூடாக மூச்சுவிட்டுக் காயும். விலையும் குறைவு. பெயின்ற் வேலையைப் பங்குனி, சித்திரைக்குத் தள்ளுங்கள். பொலித்தீன் சோதனையைத் திரும்பச் செய்து, வியர்க்கவில்லை என்று கண்ட பிறகே மேசனையும் பெயின்ற் அடிப்பவரையும் கூப்பிடுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களும் பூட்டிய வீட்டுக்காரரும்

வாடகை வீட்டைக் கோடையில் பார்க்கப் போனால் மூன்றடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருக்கிறதா, அலுமாரிக்குப் பின்னால் சுவரில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் "அக்கா, மாரிக்கு இந்தப் பக்கம் தண்ணி நிக்கிறதோ?" என்று கேளுங்கள். ஒளிக்காமல் சொல்வார்கள். ஒழுக்கு, பூச்சு, கான் ஆகியவற்றை யார் திருத்துவது என்பதை முற்பணம் கொடுக்கும் முன் வீட்டுக்காரரோடு பேசி எழுதி வையுங்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு: பூட்டிய வீட்டில்தான் பூஞ்சணம் தடையில்லாமல் வளரும். திறப்பைக் கொடுத்து வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் விளக்கு வைக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், மாரியில் கிழமைக்கு இரண்டு தரம் பகலில் யன்னல்களைத் திறந்து பின்னேரம் சாத்தச் சொல்லுங்கள். அலுமாரிக் கதவுகளைத் திறந்தே விடுங்கள். மெத்தையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பெரிய மழை விட்ட அடுத்த நாள் ஒவ்வொரு அறையின் கூரையையும் கைபேசியில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊருக்கு வரும் நாளுக்கு முதல் நாளே வீட்டைத் திறந்து காற்றாட விடச் சொல்லுங்கள், பிள்ளைகளோடு வந்திறங்கி அன்றிரவே மூடிக்கிடந்த அறையில் படுக்க வேண்டாம்.